இடி செட்டு

எங்கள் பாட்டு செட்டைப் பற்றி இன்றைக்கும் யாராவது பேச்செடுத்தால் முதலில் சொல்வது சத்தத்தைத்தான். "அடேங்கப்பா, நெஞ்சுக்கூடே ஆடுமே!" என்பார்கள். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் எங்களுக்கு 'இடி செட்டு' என்றுதான் பேர். நாங்கள் வைத்த பேர் வேறு. அது யாருக்கும் ஞாபகம் இல்லை, போகட்டும். ஆனால் விவரம் தெரிந்தவர் மாதிரி ஒருவர் வந்து, "அருமையா நுணுக்கமா வாசிச்சுக்கிட்டு இருந்தவங்க ஏன் இப்படிக் கரடுமுரடா மாறுனீங்க, காலத்துக்கு ஏத்த மாதிரியா?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலமாவது மண்ணாவது! எங்கள் பாட்டு மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு ஆளின் காது. என் அண்ணனின் காது.

நான் பள்ளிக்கூடத்தை முடித்திருந்த சமயம் அது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்து இறங்கிய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போகும்போது ஒரு கேசட்டை மறந்து வைத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் பாட்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், திடீரென்று எல்லாம் நின்று புல்லாங்குழல் மட்டும் வரும், பிறகு எங்கிருந்தோ எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். "பாட்டா இது, பஸ் ஸ்டாண்டா? ஆளுக்கொரு பக்கம் போறானுக" என்று எங்கள் அய்யா எழுந்து போய்விடுவார். அண்ணனோ சாப்பாட்டை மறந்து அதையே கேட்டுக்கொண்டிருப்பான். அந்தக் கேசட் தேய்ந்து நாடா வெளியே வந்த பிறகும் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிக் கேட்டான்.

அப்படித்தான் செட்டு பிறந்தது. அண்ணன் கிட்டார். என் அத்தை மகன் டிரம்; அவனும் அண்ணனும் ஒரே வயது, ஒரே திமிர். மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுத்துப் பாடகர் குழுவை நடத்திவந்த உபதேசியார் வயலின். கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து இங்கே ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் பேஸ் கிட்டார். நான் ஆர்கனும் பாட்டும். பொம்பளைப் பிள்ளை மேடை ஏறுவதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். கோயிலுக்குள் ஆர்கன் வாசிக்கலாமாம், வெளியே வாசிக்கக் கூடாதாம். போங்கடா என்று ஏறிவிட்டேன்.

எங்கள் கடலில் விசைப்படகு போகும் நாள் வேறு, நாட்டுப் படகு போகும் நாள் வேறு. இரண்டு பேரும் ஒரே நாளில் போனால் வலை அறுந்து வெட்டுக்குத்து வரும் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அண்ணனும் அத்தை மகனும் வேறு வேறு விசைப்படகில் வேலை பார்த்தார்கள். அதனால் நாட்டுப் படகு போகிற நாட்களில் எங்களுக்குப் பயிற்சி. கோயிலுக்குப் பின்னால் வலை போட்டு வைக்கிற கொட்டகைதான் இடம். கருவாட்டு வாடைக்கு நடுவில் உட்கார்ந்து ஏழு தட்டுத் தாளத்துக்கும் ஐந்து தட்டுத் தாளத்துக்கும் மாரடித்துக்கொண்டிருப்போம்.

கடலாடிக்காரர் தன் தகப்பனாருக்குத் திதி கொடுக்கத் தேவிபட்டினம் போய்விட்டு வந்தவர் ஒருநாள் சொன்னார்: "கடலுக்குள்ள ஒம்போது கல்லு நிக்கிதுல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொணம். ஒருத்தர் கோவக்காரர், ஒருத்தர் சாந்தம், ஒருத்தர் நொண்டி. அத நம்ம பாட்டாப் போட்டா என்ன?" அண்ணன் எழுந்து நின்றேவிட்டான். வேதக்காரப் பிள்ளைகள் நவகிரகத்துக்குப் பாட்டுக் கட்டுவதா என்று பங்குச்சாமியார் முகத்தைச் சுளித்தார். உபதேசியார்தான், "கல்லும் கடலும் ஆண்டவர் படைச்சதுதானே சாமி" என்று சமாளித்தார். மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டினோம். ஒன்பது கல்லுக்கு ஒன்பது துண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு தாளம், இடையில் நிற்காமல் ஓடும்.

அதில் ஏழாவது கல் சனி. அங்கே டிரம், கிட்டார் எல்லாம் ஓய்ந்துவிடும். உபதேசியாரின் வயலின் மேல் சுருதியில் நூல் மாதிரி இழுபட, அதன் மேல் நான் வார்த்தையே இல்லாமல் பாடுவேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் முதல்முறை வாசித்தபோது பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. உட்கார்ந்திருந்த மீதிப் பேர் அந்த ஏழாவது கல்லில் மூச்சு விடவில்லை, கரையில் அலை அடிப்பது மேடைக்குக் கேட்டது. அதைப் போல ஒரு நிம்மதி எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. எழுந்து போனவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை.

அதற்கு முந்தைய வருஷம்தான் அண்ணன் போட்டில் டிரைவர் ஆகியிருந்தான். டிரைவர் என்றால் சுக்கானைப் பிடிப்பவன், போட்டையே ஆள்பவன். அவன் உட்காருகிற கேபினுக்கு நேர் கீழே எஞ்சின். லாரியிலிருந்து கழற்றி மாட்டிய பழைய எஞ்சின், சைலன்சர் என்று பேருக்கு ஒரு ஓட்டைக் குழாய். கடலுக்குப் போனால் விடிய விடிய அதன் தலைமேல்தான் குடியிருப்பு. கரையேறின பிறகும் டிரைவர்மார் கத்தித்தான் பேசுவார்கள். கொஞ்சம் ரசம் ஊற்று என்பதைக்கூடச் சண்டைக்கு வருவது போலத்தான் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஒருவன் உரக்கப் பேச ஆரம்பித்தால், "ஆளு டிரைவராயிட்டாப்ல" என்று சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை கத்திப் பேசினால் பெண்வீட்டாருக்குத் திருப்தி. அது காது செத்துக்கொண்டிருப்பதன் அடையாளம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அண்ணன் கத்த ஆரம்பித்தபோது எங்கள் அம்மா பெருமைப்பட்டாள்.

முதலில் அடி வாங்கியது வயலின்.

ஒரு பயிற்சியின் நடுவில் அண்ணன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினான். "உபதேசியாரே, வில்லப் போட்டு இழுக்குறீகளா, தடவுறீகளா? ஒண்ணுமே வர மாட்டேங்குதே."

"வருதேப்பா. நல்லாத்தானே வருது."

"இங்கன வரைக்கும் வரல."

இங்கன என்றால் எங்கன? கையை நீட்டினால் உபதேசியாரின் முழங்கால் தொடும் தூரம். அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். மறுபடி இழுத்தார், இன்னும் அழுத்தி. அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "இந்தச் செட்டுக்கு வயலின் எதுக்கு? இருக்கா இல்லையான்னே தெரியல" என்றான்.

உபதேசியார் வயலினைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். கொட்டகை வாசலில் என்னிடம் மட்டும், "ஒங்க அண்ணனுக்குப் பெரிய எடத்து நெனப்பு வந்திருச்சு தாயி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உள்ளே போய் அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பெரிய மனுஷனை இப்படியா பேசுவது, உனக்கு என்ன கொழுப்பு என்று கத்தினேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முறைக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்து ராமநாதபுரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்காரரைப் பிடித்துக் கிட்டாருக்கு ஒரு பெட்டி செய்து வாங்கிவந்தான். தகர டப்பா மாதிரி இருக்கும், காலால் மிதித்தால் கிட்டார் ஓசை கிழியும். கிழிந்த ஓசை கொட்டகைத் தகரத்தை அதிரவைத்தது. கடலாடிக்காரருக்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்றான், வந்தது. டிரம்மில் காலால் உதைத்து அடிக்கிற கால்மேளத்தை இன்னும் பெரிதாக்கு என்றான், ஆக்கினார்கள். தன் இடத்தை மாற்றிக்கொண்டு டிரம்முக்கு ஒட்டினாற்போல் வந்து நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பான். ஏழு தட்டு, ஐந்து தட்டு எல்லாம் போய் எல்லாமே நாலு தட்டுக்கு வந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அண்ணனுக்கு ஏதோ புது ஞானம் வந்திருக்கிறது, அந்தக் கேசட்டுக்காரர்களையும் தாண்டி யோசிக்கிறான் என்றே நினைத்தோம். கடலாடிக்காரர், "இதுதான் நெசமான பலம்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அப்புறம் ஏழாவது கல்லுக்கு வந்தான்.

"அத எடுத்துருவோம். அங்கன ஒண்ணுமே நடக்கல."

"ஒண்ணும் நடக்கலையா? நான் பாடுறேன் அதுல!"

"பாடுறியா?" என்று கேட்டான்.

இவ்வளவுதான் கேட்டான். என்னை நக்கல் பண்ணுகிறான் என்று எண்ணி மூன்று நாட்கள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் அவனே வந்து சமாதானம் பேசினான். "நீ மேல போகாத தங்கச்சி, கீழ பாடு. அடிவயித்துல இருந்து கத்து. மேல போனா நீ நின்னுட்ட மாதிரி இருக்கு" என்றான். கீழேதான் பாடினேன். பாடினேன் என்று சொல்லக் கூடாது, கத்தினேன்.

தங்கச்சிமடத்தில் ஒரு திருவிழாவில் அந்தப் புதுப் பாட்டை இறக்கினோம். அந்தி மங்குகிற நேரம். முதல் அடி விழுந்ததும் மேடைக்கு முன்னால் விசைப்படகுக்காரர்கள் திரண்டுவிட்டார்கள். வயதான டிரைவர்மார் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்கள். சிலர் பெட்டியில் நெஞ்சைச் சாய்த்தார்கள். பாட்டைக் கேட்டு வருஷங்கள் ஆனவர்கள் அவர்கள், பாவம். எங்களுக்கு என்ன தெரியும்? ரசிகர் கூட்டம் என்று பூரித்துப்போனோம். பொய் சொல்லக் கூடாது, அந்தக் கூட்டம் குதித்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மறுநாளே 'இடி செட்டு' என்ற பேர் வந்துவிட்டது. உப்பூர், தேவிபட்டினம், மண்டபம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் இன்னும் கொஞ்சம் சத்தத்தை ஏற்றினான் அண்ணன். வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச்சே வராது, சுக்குத் தண்ணீர்தான்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு சாயங்காலம். பயிற்சிக்கு முன்னால் டீ எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அண்ணன் தனியாக, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கிட்டாரின் தலைக்கட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைத் தட்டி, இன்னொரு கையால் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தான். சுருதி சேர்க்கிறானாம். இதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். எஞ்சினுக்குள் எங்கே உராய்கிறது என்று பார்க்க எங்கள் ஊர் டிரைவர்மார் ஸ்குரு டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கட்டைப் பிடியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். சத்தம் பல் வழியாக மண்டைக்குள் போகும், காது வேண்டியதில்லை.

"அண்ணே" என்றேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, தூக்குச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே ஏழாவது கல்லைப் பாடினேன். முழுவதும் பாடினேன். மேல் சுருதியில், முன்பு பாடியது போலவே. கொட்டகைக்கு வெளியே போன ஒருத்தி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணன் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"எத்தன நாளா இப்படி?"

"ஒரேயடியாப் போகல. மொதல்ல வயலின்னு, அப்புறம் சின்னப் புள்ளைக பேச்சு, அப்புறம் ஒன் பாட்டு" என்றான். "யாருட்டயும் சொல்லிறாத. டிரைவருக்குக் காது அவுட்டுன்னு தெரிஞ்சா நாளைக்கே போட்ட விட்டு எறக்கிருவாக."

"எறக்கட்டுமே! நீயே எறங்கிரு."

"எறங்கிட்டு? கரையில உக்காந்து கிழிசல் வலையத் தைக்கவா?"

"கிட்டாரு வாசி."

"அதுக்குத்தான் புள்ள எல்லாத்தையும் ஏத்திக்கிட்டே போறேன்" என்றான். "மேளத்துக்குப் பக்கத்துல நின்னா அவன் ஒதைக்கிறது பலக வழியா முழங்காலுக்கு வருது. பெட்டிய மிதிச்சா கிட்டாரு நெஞ்சுல இடிக்கிது. மெல்லமா வாசிச்சா எனக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாரும் வாயத் தொறந்து மூடுறீக, அம்புட்டுத்தான்."

டீ ஆறிப்போனது. நான் அழுதேன். அவன் அழவில்லை. இந்த மனுஷன் உபதேசியாரை அவமதிக்கவில்லை, என்னை நக்கல் பண்ணவில்லை, புது ஞானமும் அவனுக்கு வரவில்லை. கேட்கிற மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தான், அதைத்தான் ஊர் கைதட்டி ரசித்தது.

சண்டை போட்டு ராமநாதபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். காது டாக்டர் இரண்டு காதிலும் விளக்கை அடித்துப் பார்த்தார், இடுக்கி மாதிரி ஒன்றைத் தட்டித் தட்டி வைத்தார். நரம்பு செத்துவிட்டது, வராது என்றார். எஞ்சின் பக்கம் போகாதே, இருக்கிற கொஞ்சமாவது தங்கட்டும் என்றார். பஸ்ஸில் வரும்போது அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். உச்சிப்புளி தாண்டியதும், "இந்த சீசன் மட்டும் போய்ட்டு வாரேன்" என்றான். இந்த சீசன் மட்டும் என்று சொல்லாத கடல்காரன் எங்கே இருக்கிறான்?

எனக்கும் அத்தை மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்து, கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். பூசையில் எல்லோருக்கும் முன்னால் எங்கள் பேரை வாசித்து, யாருக்காவது தடை இருக்கிறதா என்று சாமியார் கேட்பார். முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்து அவனிடம் அண்ணன் காது விஷயத்தைச் சொன்னேன். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

"எனக்குத் தெரியும்" என்றான். "மேடையில அவன் என் காலத்தானே பாத்துக்கிட்டு நிக்கிறான். நான் ஒதைக்காட்டி அவன் வாசிக்க மாட்டான்."

"தெரிஞ்சுமா வாயப் பொத்திக்கிட்டு இருந்த?"

"சொன்னா மச்சானுக்கு என்ன மிஞ்சும்? போட்டும் போச்சு, பாட்டும் போச்சு" என்றான். "நான் அவன் போட்டுக்கு மாறிக்கிறேன். விஞ்சுல நான் நிக்கிறேன். ஒரு தரம் மிதிச்சா மெதுவா, ரெண்டு தரம் மிதிச்சா நிப்பாட்டு. மேடையில செய்யிறததான் அங்கனயும் செய்யப் போறோம். அவனுக்குக் காதா நான் இருந்துட்டுப் போறேன், நீ கவலப்படாத."

வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் கரையேறுங்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பிற்பாடு என் அத்தை, "நீதான அவன அந்தப் போட்டுக்குத் தள்ளிவிட்டவ" என்று என் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். நான் தள்ளவில்லை. அவன் போனான். அந்தப் பழியை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்க மாட்டேன்.

விஞ்சு என்பது மடியை, அதாவது இழுவை வலையை, கடலிலிருந்து மேலே சுற்றி இழுக்கிற உருளை. எங்கள் பக்கத்துப் போட்டுகளில் அது எஞ்சினோடு சேர்ந்தே ஓடும். அதை நிறுத்த வேண்டுமானால் கேபினில் இருக்கிற டிரைவர்தான் நிறுத்த வேண்டும். டிரைவரோ முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பான், விஞ்சு அவன் முதுகுக்குப் பின்னால். மற்ற போட்டுகளில் கத்துவார்கள். இந்தப் போட்டில் மிதித்தார்கள். அத்தை மகனுடைய குதிகால் பலகையில் விழுந்தால் போதும், அண்ணன் கை தானாகப் போகும். கல்யாணம் முடிந்து மறு திருவிழா வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கரைக்கு வந்ததும் இரண்டு பேரும் கொட்டகைக்குப் போய் இடி இடித்துவிட்டு வருவார்கள். நானும் பயத்தை மறக்க ஆரம்பித்திருந்தேன்.

அன்றைக்கு நான் கரையில் இருந்தேன். நடந்ததை எனக்குச் சொன்னவர் அதே போட்டில் முன்னால் அணியத்தில் நின்று மீன் பிரித்துக்கொண்டிருந்தவர். விடிந்து வெயில் ஏறிவிட்டதாம். கடைசி மடி. கம்பி ரோப் உருளையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. என் புருஷன் அதைக் கையால் தள்ளிவிடப் போனான், எல்லோரும் செய்வதுதான். சட்டைக் கை ரோப்புக்குள் போய்விட்டது. கை போனது, தோள் போனது, உருளை அவனைத் தூக்கிவிட்டது. கால் பலகையில் இல்லை. மிதிப்பதற்குக் கால் எட்டவில்லை. அவன் கத்தினான். அத்தனை எஞ்சின் சத்தத்துக்கும் மேலே அந்தக் குரல் அணியம் வரைக்கும் கேட்டது என்றார் அவர். மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேபினுக்குள் பாய்ந்து அண்ணன் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார். அண்ணன் அப்போதும் சுக்கானைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு, வலது பாதத்தைப் பலகையில் நன்றாகப் பதித்து வைத்திருந்தானாம். மிதிக்குக் காத்திருந்திருக்கிறான்.

என் புருஷனை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதை எழுத மாட்டேன்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது என்று போட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அணியத்தில் நின்றவரும் அப்படியே சொன்னார். அண்ணனைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள், எனக்கும் அது தெரியும். சாமியார் வந்து ஆண்டவர் சித்தம் என்றார். சைலன்சர் இல்லாத எஞ்சின் யார் சித்தம் என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

கல்லறையில் உபதேசியார் வந்து வயலின் வாசித்தார். கூப்பிடாமலே வந்திருந்தார். அண்ணன் குழிக்குப் பக்கத்தில் நின்று வில் மேலும் கீழும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். வாசிப்பதை நிறுத்தினார். அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வில்லையே பார்த்துக்கொண்டு நின்றான். உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அடப் பாவி, சொல்லியிருக்கக் கூடாதா, நான் எதுக்குடா போயிருக்கப் போறேன்" என்று அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் அதற்குப் பிறகு போட்டில் கால் வைக்கவில்லை. கிட்டாரையும் தொடவில்லை. செட்டு அன்றோடு முடிந்தது. கடலாடிக்காரர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். மிச்சமிருந்த காதும் அண்ணனுக்குச் சில வருஷங்களில் போனது. காதுமெஷின் மாட்டிப் பார்த்தோம், குடைச்சல்தான் மிஞ்சியது. அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவும் அய்யாவும் போன பிறகு என்னோடுதான் இருக்கிறான். நான் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறேன், பாடுவதில்லை. வீட்டில் கையைக் காட்டிப் பேசிக்கொள்வோம், முக்கியமானது என்றால் எழுதிக் காட்டுவேன். அந்தப் போட்டைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுனாமி வந்துபோன பிறகு ஒரு மத்தியானம். நான் வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினான். தலையெல்லாம் நரைத்துவிட்டது அவனுக்கு. தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டான்:

"அவன் என்ன சொல்லிக் கத்துனான்?"

அரிவாள்மனையில் என் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் இவனுக்கு அது தெரியாது. ஊருக்கே தெரியும், இவனுக்குத் தெரியாது. செவிட்டு மனுஷனிடம் போய் அதை யார் சொல்வார்கள்? நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுதிக் காட்டப் பேப்பரை எடுக்க எழுந்தேன். அவன் என் சேலையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"எழுதாத. சொல்லு. அவன் கத்துன மாதிரியே சொல்லு."

முடியாது என்று தலையாட்டினேன். விடவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன். நான் அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, "மச்சான், நிப்பாட்டு! நிப்பாட்டு மச்சான்!" என்றேன். அவன் என் உதட்டைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். உதட்டைப் பார்க்காமல் கேட்க வேண்டுமாம். கையால் இன்னொரு தரம் என்று காட்டினான். இன்னும் உரக்கச் சொன்னேன். மறுபடியும் கையைக் காட்டினான். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, என் புருஷன் செத்த விதத்தில் கத்தினேன். "மச்சான்! நிப்பாட்டு!"

எதிர் வீட்டுக்காரி கையில் பிசைந்த மாவோடு ஓடிவந்தாள். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஊசியோடு ஓடிவந்தார்கள். "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு, எத நிப்பாட்டணும்?" என்று தெருவே வாசலில் கூடிவிட்டது.

அண்ணன் கண்ணைத் திறந்தான். கூட்டத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்துத் திரும்பி, "இவுகள்லாம் எதுக்கு ஓடி வந்துருக்காக?" என்று கேட்டான்.